மூன்று வினாடிச் சாணை

என் தங்கையின் கிதாரை இந்த ஊரில் யாருக்கும் கேட்காமல் செய்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு இருபதுக்கு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். ஆனால் அது தெரியவந்தது போன மாதம்தான்.

என் பெயர் குமுதா, அவள் பெயர் அல்லி. இரண்டும் ஒரே பூதான். அப்பாவுக்கு வேறு பூ தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்றாவது தெருவில் சாணைப் பட்டறை வைத்திருந்தார். லேத்துகளில் மழுங்கிப்போன உளிகளைக் கூராக்கிக் கொடுப்பார். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பட்டறைக்குப் பின்னால் இருந்த அதே வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அவள் தேடவில்லை.

நான் வேலை பார்ப்பது இதே பேட்டையில் இருக்கும் செவியகத்தில். துளி செய்யும் கம்பெனி. துளி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இன்றைக்குக் கைக்குழந்தைகள்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புளியங்கொட்டை அளவு இருக்கும். காதுக்குள் போட்டுக்கொண்டால் நல்ல சத்தத்தை விடும், இரைச்சலை விழுங்கும். லாரி ஹாரன், பிரஸ் மெஷின், பக்கத்து வீட்டு டிரில்லிங் எல்லாம் போய்விடும். காக்கா, கோயில் மணி, மனிதப் பேச்சு, சினிமாப் பாட்டு எல்லாம் இருக்கும். எது சத்தம், எது இரைச்சல் என்று துளிக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பன்னிரண்டு பேரில் நான் ஒருத்தி. இப்போது தலைமைச் செவி. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நூற்றில் மூன்று பேருக்குத் துளி ஒத்துக்கொள்ளாது. காது வீங்கி நீர் வடியும். அவர்களை வெறுங்காது என்பார்கள். சின்ன வயதில் காதில் சீழ் வந்ததால் அல்லியும் வெறுங்காது. ஊரின் மொத்த இரைச்சலும் அவர்களுக்குக் கேட்பதால் உரக்கத்தான் பேசுவார்கள். உரக்கப் பேசினால் அதைக் கூச்சல் என்று நினைத்து எங்கள் துளி நறுக்கிவிடும். கடையில் அவர்கள் நாலு தடவை கூப்பிட்டாலும் கடைக்காரர் திரும்ப மாட்டார். யாரும் வேலைக்கு எடுப்பதில்லை, லேத்துப் பட்டறையைத் தவிர. அல்லி அங்கேதான் இருக்கிறாள், நல்ல வேலைக்காரி.

எங்கள் வீட்டுச் சண்டையிலும் இதே கதைதான். அவள் கத்தக் கத்த எனக்கு முணுமுணுப்புதான் வரும். கோபத்தில் அவள் சொன்னதில் பாதி இத்தனை வருஷமாக எனக்குக் கேட்டதில்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டை வளர்வதே இல்லை. இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அல்லிக்கு ஒரு பாண்டு உண்டு. ஹார்டு ராக். அவள் கிதார் வாசித்துப் பாடுவாள். டிரம்ஸுக்குப் பிகாஷ், ஒடிசாவிலிருந்து வெல்டிங் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகப் பேட்டையில் இருப்பவன். பேஸ் கிதாருக்கு ரயில்வேயில் ஓய்வு பெற்ற தேவசகாயம். மூவருமே வெறுங்காது. போன வருஷம் பேட்டைச் சங்கத்தின் ஆயுத பூஜை விழாவில் மேடை ஏறினார்கள். நான்கு நிமிஷம் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். கீழே எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் மேடை ஓரத்துக்கு வந்து அன்பாகக் கேட்டார்:

"மைக்கெல்லாம் செட் ஆயிடுச்சாம்மா? எப்போ ஆரம்பிப்பீங்க?"

நானும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இந்த வருஷம் பூஜைக்கு மூன்று வாரம் முன்னால், அல்லி என் முன்னால் ஒரு பென் டிரைவை வைத்தாள். என்னிடம் பேசும்போது மட்டும் குரலை இறக்கிப் பேசப் பழகியிருந்தாள்.

"ஏகாம்பரம் அண்ணன் சொல்லிட்டாரு. செவியகத்துல பாட்டு பாஸ் ஆனாத்தான் மேடையாம். மறுபடி ஊமைப்படம் வேணாம்னாரு. அக்கா, உன் கையிலதான் இருக்கு."

"இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷம் பாண்டு இருக்காது. பூஜை முடிஞ்சதும் சகாயம் அண்ணன் மகன் வீட்டுக்கு நாசரேத் போறாரு. ஒரே ஒரு தடவை, துளி போட்டவங்க காதுல இந்தப் பாட்டு விழணும். அப்புறம் கலைஞ்சாலும் பரவாயில்ல."

மறுநாள் ஆபீசில் பாட்டைத் துளியின் பரிசோதனைப் பெட்டியில் ஓட்டினேன். முடிவு திரையில் வந்தது. பாட்டின் நீளம் நான்கு நிமிஷம் பத்து வினாடி. அதில் காதுக்குள் விடப்படுவது பதினொரு வினாடி. மீதி எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர்: சாணை, மோட்டார், இரைச்சல்.

எனக்குச் சிரிப்புகூட வந்தது. எந்த மடையன் கிதாரைச் சாணை என்று போட்டான் என்று பதிவைத் தோண்டிப் பார்த்தேன். துளிக்கு ஒரு சத்தத்தை முதலில் யார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ, அதை வைத்துத்தான் அது மாதிரியான சத்தங்களை எல்லாம் அடையாளம் காணும். அந்த முதல் துண்டு, தாய்த்துண்டு, கிடைத்தது. மூன்று வினாடி. பேட்டையின் மூன்றாவது தெருக் கம்பத்து மைக்கில் ஒரு மதிய நேரம் பதிவானது. பெயர் வைத்தவர்: செவி எண் ஏழு. அது நான்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு சத்தத்துக்கு மூன்று வினாடிதான். முன்னும் பின்னும் கிடையாது. நாளைக்கு ஆயிரத்து இருநூறு துண்டு. புரியாவிட்டால் 'தெரியவில்லை' என்ற பொத்தானை அழுத்தலாம். மற்ற பதினொரு பேரும் அதை நிறைய அழுத்தினார்கள். நான் அழுத்தியதே இல்லை. பேட்டையில் பிறந்தவள், பட்டறைக்காரர் மகள். எனக்குத் தெரியாத மெஷின் சத்தம் உண்டா என்ற திமிர். அந்தத் துண்டைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. சாணை என்று போட்டேன். அதே வருஷம்தான் அல்லி ஒரு பழைய கிதார் வாங்கி, வாடகைக்கு விட்ட அப்பாவின் பட்டறையில் ஒரு மூலையில் பழக ஆரம்பித்திருந்தாள். தெரு, வருஷம், நேரம் எல்லாம் பொருந்தியது. மதியம் அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை.

நான் சாணை என்று போட்டது அல்லியின் கிதாரை.

மேலாளர் நரசிம்மனிடம் போனேன். தவறு என் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னேன். நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார்.

"தாய்த்துண்டை மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நிஜச் சாணையும் காதுக்குள்ள வந்துடும். மூணு வினாடியில ரெண்டுக்கும் வித்தியாசம் துளிக்குத் தெரியாது."

"வேற எதாவது வழி..."

"ஒரு பாட்டுக்காக ஆறு லட்சம் பேர் காதுல சாணை பிடிக்கச் சொல்றீங்களா? அந்தப் பாட்டுலேர்ந்து கரகரப்பை எடுத்துடச் சொல்லுங்க, குமுதா. அழகா, சுத்தமா வாசிச்சா நானே பாஸ் போடறேன்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பாவின் பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, மூவரும் பழகும் இடத்துக்குக் கையில் முறுக்குப் பொட்டலத்துடன் போய்ச் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, இந்தக் கரகரப்பு எப்படி வருதுன்னு தெரியுமா?" என்றான் பிகாஷ்.

"எப்படி?"

அல்லி ஆம்ப்ளிஃபயரைத் தட்டிக் காட்டினாள். "இது இவ்வளவுதான் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல கிதாரை உள்ள தள்ளுவோம். தாங்காது. அலையோட தலையெல்லாம் அதோட கூரையில இடிச்சு வெட்டுப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பு. தாங்கறதுக்கு மேல குடுத்தா வர்ற சத்தம்க்கா இது."

"அதைக் கொஞ்சம் குறைச்சா என்ன? வரி அதே வரிதானே?"

"வரி என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பதினொரு வினாடியில் எனக்குக் கிடைத்தது நாலு வார்த்தை. அவள் பாடாமல், சும்மா பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

"மழை பேஞ்சா எனக்கும் நனையும்,
மணி அடிச்சா எனக்கும் கேக்கும்.
உள்ள வான்னு கூப்பிடாதே,
நான் நிக்கிற இடமும் ஊருதான்."

"இதைச் சுத்தமா, இனிமையா வாசிச்சுப் பாடினா என்ன ஆகும் சொல்லு," என்றாள். "கதவைத் தட்டிக் கெஞ்சற மாதிரி ஆயிடும். ஐயோ பாவம்னு கை தட்டுவாங்க. இது கெஞ்சற பாட்டு இல்லக்கா. நாங்க நல்லாத்தான் இருக்கோம். எங்களுக்குக் கேக்கற ஊரு உங்களுக்குக் கேக்கலை, அதான் சேதி. அதைக் கரகரப்பு இல்லாம சொன்னா பொய்."

தேவசகாயம் முறுக்கைக் கடித்தபடி, "பாஸ் ஆகலேன்னா விடும்மா. வருத்தமில்ல," என்றார். வருத்தம் இருந்தது. அது அவர் முறுக்கைப் பாதியில் கீழே வைத்ததில் தெரிந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பெயரில் இருக்கும் தவறு, என் விரல் அழுத்திய பொத்தான் என்று. சொல்லவில்லை. தலைமைச் செவி என்ற கார்டை நினைத்தேனோ, அவள் முகத்தை நினைத்தேனோ, வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து துளியைக் கழற்றிப் பார்த்தேன். அவள் வாசிப்பதை நேராகவாவது கேட்கலாமே என்று. கழற்றிய நொடியில் தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. எதிர் வரிசையில் ஞாயிறு என்றும் பாராமல் ஒரு பிரஸ் மெஷின் தட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக மூடிக் கிடந்த காது. தலை சுற்றி வாசற்படியிலேயே வாந்தி எடுத்தேன். இதனால்தான் யாரும் கழற்றுவதில்லை. தூங்கும்போதும் போட்டிருப்போம்.

பூஜைக்கு முதல் நாள் ஆபீசில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தோம். கீபோர்டு, மவுஸ், லிஃப்ட் கதவு, காப்பி மெஷின் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வெளியே பேட்டையில் லேத்துகளைக் குளிப்பாட்டி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூஜை அன்று ஒரு மெஷினும் ஓடாது. யாரும் தன் ஆயுதத்தைத் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்பார்கள். அப்பா சாணையின் ஸ்விட்சுக்கே பூ சுற்றிவிடுவார், தவறிக்கூடக் கை போகக் கூடாதென்று.

குங்குமக் கிண்ணத்துடன் நின்றிருந்த எனக்கு அங்கேயே உறைத்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோமே, நாள் முழுக்க எந்தக் கருவியை வைத்துப் பிழைக்கிறோமோ அதற்கு ஒரு வருஷமாவது வைத்தோமா? துளியும் ஒரு கருவி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காது என்றே நினைத்துவிட்டோம். அதோடு, வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் பேட்டையில் வெறுங்காதோடு வாந்தி எடுக்காமல் உட்காரலாம்.

அன்று மாலை ஏகாம்பரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முப்பது வருஷம் பிரஸ் ஓட்டியவர்.

"இன்னாம்மா சொல்ற, துளியைக் கழட்டி பூஜையில வெக்கணுமா?"

"அண்ணே, நீங்க துளி இல்லாம ஒரு நாள் பிரஸ்ல நிப்பீங்களா?"

"எப்டிம்மா நிப்பேன்?"

"அப்ப அது உங்க ஆயுதம்தானே? ஆயுதத்தைப் பூஜை அன்னிக்கு உபயோகிக்கலாமா?"

அவர் மோவாயைச் சொறிந்தார். "இத்தினி வருசமா தப்புப் பண்ணிட்டோமே," என்றார் நிஜமான கவலையோடு. பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "மேடையில மூணாவது ஐட்டமா உன் தங்கச்சிய போட்டுக்கறேன்," என்று அவரே சொன்னார். சங்கச் செயலாளர் சும்மா ஆக முடியுமா?

பூஜை அன்று மாலை ஐந்து மணிக்கு மேடைக்கு முன்னால் ஒரு பெரிய தாம்பாளத்தில் வாழை இலை விரித்து வைத்தார்கள். முதல் ஆளாக நான் போனேன். துளிகளைக் கழற்றி வைத்துக் குங்குமம் இட்டேன். காதில் காற்று பட்டது. எங்கோ குழந்தை அழுதது, யாரோ இருமினார்கள், சீரியல் விளக்குகள் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தன. தலை லேசாகச் சுற்றி, நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஏகாம்பரம். அவருக்குப் பின்னால் பிரஸ்காரர்கள், பாலிஷ்காரர்கள், கான்டீன் பெண்கள். நரசிம்மன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முந்நூறு தொழிலாளிகள் பார்க்க, சாமி விஷயத்தில் மாட்டேன் என்று எந்த மேலாளர் சொல்வார்? முகத்தைச் சுளித்துக்கொண்டே அவரும் வைத்தார். தாம்பாளம் நிறைந்து இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

மூன்றாவதாக அல்லி ஏறினாள். தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் காதில் ஒன்றுமில்லை என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. திரும்பி ஆம்ப்ளிஃபயரின் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

டிரம்ஸ் முதலில் வந்தது. நாற்காலி கால் வழியாக ஏறி முதுகுத்தண்டில் உட்கார்ந்தது. பிறகு தேவசகாயத்தின் பேஸ், வயிற்றில். பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கிதார்.

எனக்கு முதலில் வந்தது வாசனை. சூடான இரும்பு வாசனை. கல்லில் உளி படும் முதல் கீச்சு, அது கரகரவென்று தடிப்பது, அழுத்த அழுத்த ஏறுவது, எடுக்கும்போது நீளமாக இழுத்து அடங்குவது. பொறி பறக்க அப்பா முன்னால் நின்றார். அல்லியின் குரல் அதன் மேல் ஏறி வந்தது. உடைந்த, பெரிய, யாருக்கும் கட்டுப்படாத குரல். சின்ன வயதில் அவளிடம் கேட்டது. துளி போட்ட பிறகு நான் கேட்டதேயில்லை. நான் நிக்கிற இடமும் ஊருதான் என்று அவள் சொன்னபோது அதில் கெஞ்சல் இல்லை, கோபம்கூட அவ்வளவாக இல்லை. ஒரு நிறைவு இருந்தது. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

முடிந்தபோது கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை. கையில் எடுத்த சுண்டல் கையிலேயே இருந்தது. பின்வரிசைகளில் அங்கங்கே உட்கார்ந்திருந்த வெறுங்காதுக்காரர்கள் மட்டும் எழுந்து நின்றிருந்தார்கள். ஏகாம்பரம் மெல்ல மேடை ஓரத்துக்கு வந்தார். போன வருஷம் நின்ற அதே இடம்.

"முடிஞ்சிடுச்சாம்மா?" என்றார். "மறுபடியும் எப்போ ஆரம்பிப்பீங்க?"

மூன்று தடவை வாசித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன். புதன்கிழமை, இரண்டு இருபது, செவி எண் ஏழு, சாணை. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அல்லி தெருவிளக்கின் கீழ் நின்றுவிட்டாள்.

"சாணைன்னா போட்டே?"

"ஆமாம்டி. தப்புப் பண்ணிட்டேன்."

"மூணே வினாடியில?"

"ஆமாம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஒன்பது வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கலை, சகாயம் அண்ணன்கூட. அப்பா சாணை மாதிரி வரணும்னுதான்க்கா நான் கிதாரே வாங்கினேன். எத்தனை ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சுப் பூட்டியிருக்கேன் தெரியுமா? உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு! சரியாத்தானே போட்டிருக்கே!" என் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு வீட்டில் விளக்கு போட்டுப் பார்த்தார்கள். என் தங்கையின் சிரிப்பு இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

விஜயதசமி அன்று காலை துளியை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். திருத்தப் படிவத்தில் என் பெயரை எழுதினேன். 'சரியான பெயர்' என்ற இடத்தில் சாணை என்றே எழுதினேன். 'தவறு என்ன' என்ற இடத்தில், மூன்று வினாடி போதாது, எதையும் விழுங்கும் முன் துளி முப்பது வினாடி கேட்க வேண்டும் என்று எழுதினேன். முப்பது வினாடியில் சாணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாட்டு எங்காவது திரும்பும். நரசிம்மன் பத்து என்றார், நான் முப்பது என்றேன், இருபதில் முடிந்தது. துளிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க மூன்று மாதம் ஆகுமாம். தலைமைச் செவி பட்டம் வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. கார்டுகள் நிறைய மிச்சம் இருக்கின்றன, பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதுகிறேன். தேவசகாயம் நாசரேத் போவதைப் பொங்கலுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

எதிர்வரிசைப் பிரஸ் ஏழு மணிக்கு நிற்கும். அப்போது தினமும் துளியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுகிறேன். முதலில் பத்து நிமிஷம், இப்போது ஒரு மணி நேரம் தாங்குகிறது. அல்லி ஒரு வார்த்தை சொல்ல, நான் ஒன்று சொல்ல, இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை நன்றாக வளர்கிறது.